வெள்ளம் வடிந்ததா, வற்றியதா?

‘அபேட்’ என்று ஓர் ஆங்கில வினைச்சொல் இருக்கிறது. புயல் அபேட் ஆகும், வலி அபேட் ஆகும், கோபம் அபேட் ஆகும். இதற்குத் தமிழில் நேரான சொல் கிடையாது, ‘குறைதல்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான் என்பது மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர்களிடையே ஏறக்குறைய முடிந்துபோன தீர்ப்பு. இந்த ஒரு கருத்துக்கே ஆங்கிலத்தில் பத்துப் பன்னிரண்டு வினைகள் உண்டாம், தமிழில் ஒன்றுதானாம். கல்லூரி வகுப்பிலும் இதைக் கேட்டிருக்கிறேன், பத்திரிகை அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன். இதனோடு இன்னொரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டே வரும். தமிழ்நாட்டுத் தமிழுக்கே இந்த நிலை என்றால், கேரள எல்லையில் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பேசுகிற தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது மலையாளம் கலந்து மெலிந்துபோன தமிழ் என்பார்கள்.

நான் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளர்ந்தவன். உறவுக்காரர்களில் பாதிப்பேர் இடுக்கியில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தார்கள். ஆங்கிலத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் தமிழுக்கு மாற்றுவதே என் தொழில். மேலே சொன்ன இரண்டு தீர்ப்புகளும் தவறு என்பது என் முடிவு. கொஞ்சம் தவறு, கொஞ்சம் சரி என்று சமாதானம் பேச நான் வரவில்லை. குறைவைச் சொல்லும் வினைகளில் தமிழ் வளமாக இருக்கிறது. அந்த வளம் இன்று எழுத்தில் இருப்பதைவிட எல்லையோரத்துப் பேச்சில் அதிகமாக உயிரோடு இருக்கிறது.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘அபேட்’ ஆங்கில மண்ணில் பிறந்த சொல் கிடையாது. பழைய பிரெஞ்சில் ‘அபாத்ர்’ என்றால் அடித்து வீழ்த்துதல். அதற்கும் அடியில் இருப்பது ‘அடி’ என்று பொருள்படும் லத்தீன் வினை. போரைக் குறிக்கும் ‘பேட்டில்’, வாதத்தைக் குறிக்கும் ‘டிபேட்’, சண்டையைக் குறிக்கும் ‘காம்பேட்’ எல்லாம் அதே குடும்பத்துப் பிள்ளைகள். ஆடுமாடு அறுக்கும் கூடத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் ‘அபத்துவார்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தை நார்மன்கள் ஆண்டு பிரெஞ்சு அங்கே ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் கோலோச்சிய காலத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்து, 1300 வாக்கில் எழுத்தில் நிலைபெற்றது. ஆக, அதன் முதல் பொருள் குறைதலே கிடையாது, விழுதல்தான்.

அந்தப் பழைய பொருள் நம் ஊர் நீதிமன்றங்களில் இன்றும் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் கட்டளைப்படி, வழக்காடுகிற ஒருவர் இறந்துபோய், உரிய 90 நாளுக்குள் வாரிசுகளை வழக்கில் சேர்க்காமல் விட்டால் அந்த வழக்கு ‘அபேட்’ ஆகிவிடும். நிலத் தகராறு இல்லாத குடும்பம் எல்லையோரத்தில் குறைவு என்பதால் இந்தச் சொல் எங்கள் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ‘கேஸ் குறைஞ்சு போச்சு’ என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘கேஸ் அத்துப்போச்சு’ என்பார்கள். எழுத்தறிவில்லாத விவசாயி சொல்லும் இந்த ‘அற்றுப்போதல்’, ஆங்கிலச் சொல்லின் சட்டப் பொருளுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

‘அபேட்’ என்பதன் முதலெழுத்து உதிர்ந்து ‘பேட்’ ஆகி, ‘பேட்டட் பிரெத்’ என்ற தொடரில் வாழ்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் வரும் தொடர் அது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? மூச்சை அடக்கிக்கொண்டு. மூச்சைக் குறைத்துக்கொண்டு என்று எழுதினால் சுவாசக் கோளாறு என்றுதான் வாசகர் நினைப்பார். அதே பிரெஞ்சு வினையின் முன்னால் இன்னொரு ஒட்டுச் சேர்ந்து பிறந்தது ‘ரிபேட்’. கதர்க் கடையிலும் கைத்தறிக் கடையிலும் பண்டிகைக் காலத்தில் அட்டை எழுதித் தொங்கவிடுவார்களே, அந்த ரிபேட். நம்மவர்கள் அதற்கு எடுத்துக்கொண்ட சொல் தள்ளுபடி. அங்கேயும் குறைப்பு என்று வைக்கவில்லை.

புயலுக்கு ஓய்தல், கோபத்துக்குத் தணிதல், வலிக்கு மட்டுப்படுதல், மூச்சுக்கு அடக்குதல், வழக்குக்கு அற்றுப்போதல். ஓர் ஆங்கில வினைக்குத் தமிழில் இத்தனை கைகள் நீளுகின்றன. மொழிபெயர்ப்பாளர் தேடியது ஒரே ஒரு சொல்லை. ஒன்றுக்குப் பதிலாக ஐந்து கிடைத்ததை ‘இல்லை’ என்று எழுதி வைத்துவிட்டார். அவர் புரட்டிய கையகராதி ‘குறை’யை முதலில் போட்டிருக்கும், அவரும் முதல் சொல்லோடு நிறுத்தியிருப்பார். பிழை மொழியிலே இல்லை, தேடிய முறையிலே இருக்கிறது.

ஆங்கிலத்தின் வளத்தை நான் மறுக்கவில்லை. ‘டிக்ரீஸ்’ என்பது வளர்ச்சிக்கு எதிர்த்திசையைக் காட்டும் லத்தீன் சொல். ‘ரெட்யூஸ்’ முதலில் திரும்ப அழைத்துவருதல் என்ற பொருளில் இருந்து, வெகுகாலம் கழித்துக் குறைத்தலுக்கு வந்தது. ‘சப்சைடு’ என்பது கீழே போய் அமர்தல். ‘டுவிண்டில்’ பழைய ஆங்கிலத்தில் நலிந்து போவதைச் சொன்ன வினையிலிருந்து வந்தது. நிலவுக்கு ‘வேன்’, வெள்ளத்துக்கு ‘சப்சைடு’, புயலுக்கு ‘அபேட்’ என்று எது எதனோடு சேரும் என்பதில் ஆங்கிலம் கண்டிப்பானது. விலைக்கு ‘அபேட்’ போட்டால் வாத்தியார் சுழித்துவிடுவார். இந்தக் கண்டிப்பைப் பிள்ளைகளுக்குப் பாராட்டிச் சொல்லிக் கொடுக்கிறோம். அதே கண்டிப்போடு தமிழ் நிலவுக்குத் தேய்தலும், வெள்ளத்துக்கு வடிதலும், புயலுக்கு ஓய்தலும் வைத்திருப்பதை மட்டும் ஏன் வகுப்பில் சொல்வதில்லை?

இனி எல்லைக்கு வருகிறேன்.

பாலக்காட்டுப் பக்கத்தில் மலையாளத்தோடு கலந்து பழகிய தமிழ் வீடுகளில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கிற தண்ணீர். மூணாறு, குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழர் பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறியவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்கு ‘வெள்ளம்’ என்றால் ஊரை அடித்துக்கொண்டு போகும் பெருக்கு. 1924 ஜூலையில் மூணாற்றைச் சூறையாடி, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையை அழித்துவிட்டுப் போனதே, அந்த வெள்ளம். கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்று பெயர். அந்த ரயில் பாதையைப் பிறகு யாரும் போடவே இல்லை.

இப்போது ‘வெள்ளம் குறைஞ்சு போச்சு’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர் வட்டத்தில் ஒரு வீட்டில் இதைச் சொன்னால் குடத்தில் தண்ணீர் இல்லை, கவலைப்பட வேண்டிய செய்தி. மூணாற்றில் சொன்னால் ஆற்றுப்பெருக்கு இறங்கிவிட்டது, நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டிய செய்தி. ஒரே வாக்கியம் ஓர் ஊரில் அழுகை, இன்னோர் ஊரில் ஆறுதல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் போதும் என்று சொல்லும் ‘குறை’ இங்கே கைவிட்டுவிடுகிறது.

எல்லைக்காரர்கள் இந்தக் குழப்பத்தில் சிக்குவதில்லை. ‘வெள்ளம் வத்திப்போச்சு’ என்றால் கிணற்றையும் தொட்டியையும் பற்றிய பேச்சு. ‘வெள்ளம் வடிஞ்சிருச்சு’ என்றால் ஆற்றைப் பற்றிய பேச்சு. பெயர்ச்சொல் இரண்டு பொருளுக்கு நடுவே ஆடும்போது வினைச்சொல் அதைப் பிடித்து நிறுத்துகிறது. 2018 ஆகஸ்டில் பெரியாறும் பாரதப்புழையும் கரை தாண்டிய நாட்களில் இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் மாறிமாறித் தொலைபேசியில் பேசினோம். ‘வடிஞ்சிருச்சா?’ என்ற ஒரே கேள்விதான். ‘குறைஞ்சிருச்சா?’ என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மழைக்கால வீட்டுக்குள் நுழைந்து பார்ப்போம். இரவெல்லாம் அடித்த காற்று விடியற்காலையில் அடங்குகிறது. ஒன்பது மணி வாக்கில் மழை வெறிக்கிறது. கொங்குப் பக்கமாக இருந்தால் ‘மழ உட்ருச்சுங்க’ என்பார்கள். மழை விட்டும் தூவானம் விடாமல் நிற்கிறது. அடுப்பில் பால் சுண்டுகிறது. தட்டில் சோறு ஆறுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குகிறது. கிழவியின் முழங்கால் வலி மட்டுப்படுகிறது, கணுக்கால் வீக்கம் வடிகிறது. புகை படிந்த பல்பின் வெளிச்சம் மங்குகிறது. செருப்பு தேய்கிறது. மழை மாதம் முடிந்து வெயில் காலம் வந்தால், ‘வெயில் தாழ வா’ என்று விருந்தாளிக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

இந்த வீட்டில் எல்லா இடத்திலும் ‘குறை’யைப் போட்டுப் பாருங்கள். ‘சோறு குறைந்தது’ என்றால் யாரோ அள்ளித் தின்றுவிட்டார்கள். ‘செருப்பு குறைந்தது’ என்றால் ஒரு ஜோடி காணவில்லை. பாலின் கதை இதைவிடத் தெளிவு. பால் சங்கங்கள் நிறைந்த சித்தூர்ப் பக்கத்தில் ‘பால் சுண்டிருச்சு’ என்றால் அடுப்படிச் செய்தி, ‘பால் வத்திருச்சு’ என்றால் மாட்டின் மடியைப் பற்றிய செய்தி, ‘பால் குறைஞ்சிருச்சு’ என்றால் சங்கத்து அளவுக் கணக்கைப் பற்றிய செய்தி. மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு. முதலாவதற்கு விறகை இழுக்க வேண்டும், இரண்டாவதற்கு மாட்டைச் சினைக்கு விட வேண்டும், மூன்றாவதற்கு அளந்தவரிடம் போய்க் கேட்க வேண்டும். ஆங்கிலச் சமையல் நூலில் குழம்பை ‘ரெட்யூஸ்’ செய்யச் சொல்லியிருந்தால் ‘குழம்பைக் குறைக்கவும்’ என்று மொழிபெயர்த்து அச்சிடுகிறார்கள். சுண்ட வைக்கவும் என்று எழுத எந்த அகராதியும் தேவையில்லை, அம்மாவிடம் கேட்டிருந்தால் போதும்.

இது ஏதோ பேச்சு வழக்கின் பெருக்கம், இலக்கணத்தில் இடமில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. தொல்காப்பியர் உரியியலில், உள்ள ஒன்று நுணுகிப் போவதைக் குறிக்கும் சொற்களாக ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்ற நான்கை ஒரே நூற்பாவில் சேர்த்துத் தந்திருக்கிறார். ‘குறை’ அந்த நான்கில் ஒன்றாகக்கூட இல்லை. அவற்றில் நிழத்தல் நமக்குத் தொலைந்துவிட்டது. ஆய்தல் இந்தப் பொருளில் இன்று வழங்குவதில்லை. ஓய்தலும் சாய்தலும் மழை ஓய்ந்தது, வெயில் சாய்ந்தது என்று மூணாற்றுத் தேயிலைக் காட்டிலும் சித்தூர் வயலிலும் தினமும் புழங்குகின்றன. இலக்கண நூலும் கொழுந்து பறிக்கிற பெண்ணும் ஒரே பக்கம் நிற்கும்போது, நடுவில் இருக்கும் எழுத்துத் தமிழ் ஏன் ஒற்றைச் சொல்லோடு நின்றுகொண்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மலையாளக் கலப்பு என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதுதான் எங்களை அதிகம் புண்படுத்துவது. தமிழ்நாட்டில் ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்தால் முதலில் வருவது ‘மலையாளியா?’ என்ற கேள்வி.

பாலக்காட்டுத் தமிழர் சிலர் மழை நின்றதை ‘மழ தோர்ந்தது’ என்பார்கள். கேட்டவுடனே மலையாளம் என்று முத்திரை குத்திவிடுவார்கள். மலையாளத்தில் அது வழக்கமான சொல்தான், மறுக்கவில்லை. அதன் வேரைப் பார்ப்போம். தமிழில் துவர்தல் என்றால் ஈரம் உலர்தல். துவர்த்துதல் என்றால் ஈரத்தைத் துடைத்து உலர்த்துதல். தலை துவட்டுகிறோமே, அந்தத் துவட்டு இதிலிருந்து வந்ததுதான். கன்னியாகுமரிப் பக்கம் துண்டுக்குத் துவர்த்து என்று பெயர். மலையாளிகள் தோளில் போடும் தோர்த்தும் அதே சொல். வானம் தன் ஈரத்தைத் துடைத்துக்கொண்டதைத்தான் ‘தோர்ந்தது’ என்கிறார்கள். இதில் எது கலப்பு? நம் வீட்டுப் பழைய பாத்திரம் பக்கத்து வீட்டுப் பரணில் கிடந்திருக்கிறது, எல்லைக்காரர்கள் அதை எடுத்துப் புழங்குகிறார்கள்.

இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஆறு, அடங்கு, ஒடுங்கு, வற்று, தேய், மெலி, சுருங்கு, மங்கு, ஒழி, குறை. இத்தனை வினைகளும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவானவை. ஒலியும் பொருளும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு மொழிகளையும் காதால் கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்த வினைகள் இரண்டு தடவை காதில் விழுகின்றன. வீட்டிலும் விழும், பள்ளியிலும் விழும். அதனாலேயே அவை எல்லையில் தேயாமல் நிற்கின்றன என்று நான் நினைக்கிறேன். மலையாளத்தின் அண்மை இந்தச் சொற்களைக் கெடுக்கவில்லை, காவல் காத்திருக்கிறது.

கலப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்கள் பேச்சையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு முழுக்க ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை புழங்கும் ‘கம்மி’ பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். விலை கம்மி, சத்தம் கம்மி, உப்பு கம்மி, காய்ச்சல் கம்மி. அதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. நல்ல சொல், நம்மோடு சேர்ந்துவிட்டது. அதன் பிறகு வந்தது ‘ரெட்யூஸ் பண்ணு’. வெயிட் ரெட்யூஸ் பண்ணு, சவுண்ட் ரெட்யூஸ் பண்ணு, பெயின் ரெட்யூஸ் ஆயிருச்சு. சென்னையில் படித்த இளைஞர் ஒருவர் ஒரு நாள் முழுக்க இந்த இரண்டை வைத்தே குறைவுகள் அத்தனையையும் சொல்லிவிடுகிறார். உடம்பு மெலிவதும் ஒலி அடங்குவதும் வலி மட்டுப்படுவதும் அவர் வாயில் ஒன்றாகிவிட்டன. எந்தத் தமிழ் மெலிந்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

மலையாளத்திலிருந்து உண்மையிலேயே தடுமாற்றம் வருகிற இடமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலையாளத்தில் நோயாளியைப் பார்த்து ‘குறவுண்டோ?’ என்று கேட்டால் நோய் குறைந்திருக்கிறதா, உடம்பு தேவலையா என்று பொருள். ‘பேதமுண்டோ?’ என்றாலும் அதுதான். தமிழ்க் காதுக்குக் குறை உண்டா என்றால் ஏதாவது மனக்குறை உண்டா என்று விழும். பேதம் என்றால் வேறுபாடு காட்டுவது. இடுக்கி மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் என் அத்தை காய்ச்சலோடு படுத்திருந்தார். எஸ்டேட்டை விட்டு வெளியே அதிகம் போகாதவர். நர்ஸ் வந்து ‘குறவுண்டோ அம்மே?’ என்றார். அத்தை மரியாதையாக, ‘குறை ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் பாக்கீங்க’ என்றார். நர்ஸுக்கு விளங்கியது ‘குறவு ஒன்றும் இல்லை’, அதாவது காய்ச்சல் கொஞ்சமும் விடவில்லை. அவர் முகம் மாறியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மறையூர்க்காரப் பெண்தான் எழுந்து உட்கார்ந்து, ‘அக்கா, காய்ச்சல் விட்டுருச்சான்னு கேக்காங்க’ என்று தமிழிலும், ‘பனி விட்டு சிஸ்டரே’ என்று மலையாளத்திலும் சொல்லி முடித்து வைத்தார். பனி என்றால் மலையாளத்தில் காய்ச்சல்.

அந்தப் பெண்ணின் பேச்சைத்தான் கலப்புத் தமிழ் என்கிறார்கள். ‘குறை’ என்ற சொல் இரண்டு மொழிக்கு நடுவே வழுக்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வழுக்காத ‘விடு’வை அவர் எடுத்தார். அது இரண்டு மொழியிலும் ஒரே பொருள் தரும் என்பதும் தெரிந்திருந்தது. ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டிய வேலையை, கட்டிலில் எழுந்து உட்கார்ந்த நோயாளி ஒருவர் அரை நிமிடத்தில் செய்தார்.

‘குறை’ பற்றி இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ரெட்யூஸ்’, ‘டிக்ரீஸ்’, ‘டிமினிஷ்’, ‘அபேட்’ எல்லாம் தானாகக் குறைவதற்கும் ஒருவர் குறைப்பதற்கும் ஒரே வடிவத்தில் வரும். தமிழ் அப்படி விடாது. குறைந்தது வேறு, குறைத்தார்கள் வேறு. தணிந்தது, தணித்தார், அடங்கியது, அடக்கினார், ஆறியது, ஆற்றினார், சுருங்கியது, சுருக்கினார். தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்று தமிழ் வினை வாயைத் திறந்தவுடனே சொல்லியாக வேண்டும். இந்த வேற்றுமையை எழுத்துத் தமிழ் மழுப்பும்போது அது மொழிப்பிழையோடு நிற்பதில்லை, நியாயப்பிழையும் ஆகிறது.

2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று உலகம் அறிந்த போராட்டம் அது. பெரும்பாலானவர்கள் தமிழ்ப் பெண்கள். முந்தைய ஆண்டு 20 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாக ஆக்கப்பட்டதுதான் தீப்பொறி. ‘போனஸ் குறைந்ததால் போராட்டம்’ என்று எழுதுவது எளிது. பனியில் இலை கருகினால் கொழுந்து குறையும். போனஸ் அப்படிக் குறைவதில்லை, ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து குறைப்பார்கள். என் உறவுக்காரப் பெண்கள் பேசியது ‘போனஸ வெட்டிட்டாங்க’ என்று. வெட்டியவர் யார் என்ற கேள்வி அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. தோட்டத்துச் சம்பளச் சீட்டில் கழிவு, பிடித்தம் என்று இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. மழை நாளில் இலையின் ஈரத்துக்காக எடையில் போவது கழிவு. கடனுக்காகச் சம்பளத்தில் போவது பிடித்தம். மூன்றுமே ‘குறைவு’தான் என்று எழுதினால் தோட்டத்துப் பெண் தன் கணக்கைக் கேட்கும் வழியே அடைபட்டுப்போகும்.

சித்தூரிலும் இதே கதை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29இல் கையெழுத்தானது. அதன்படி தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீரை மணக்கடவில் அளந்து கேரளத்துக்கு விட வேண்டும். சித்தூர்ப்புழைப் பாசனத்தை நம்பியிருக்கும் விவசாயிகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தண்ணீரைத் திறக்க வேண்டியவர்களும் தமிழர்கள். கோடையில் வாய்க்காலில் நீர் இறங்கும்போது இங்கே எழும் முதல் கேள்வி, ‘கொறஞ்சு வருதா, கொறச்சு விடறாங்களா?’ என்பது. ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். அதற்குள் வானத்தின் பொறுப்பும் மனிதரின் பொறுப்பும் பிரிகின்றன. முல்லைப் பெரியாறு அணையில் 152 அடியாக இருந்த நீர்மட்டம் 1979இல் 136 அடிக்கு வந்தது. 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 142 அடியை உறுதிசெய்தது. ‘1979இல் நீர்மட்டம் குறைந்தது’ என்று சில கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அது குறையவில்லை, குறைத்தார்கள். குறைத்தது சரியா தவறா என்று இரண்டு மாநிலமும் வாதாடிக்கொள்ளட்டும். வினையைச் சரியாக எழுதினால்தான் அந்த வாதத்தைத் தொடங்கவே முடியும்.

‘குறை’யை நான் பழிக்கவில்லை. குறு, குறுகு, குறில், குறள் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்த சொல் அது. எண்ணிக்கைக்கும் விலைக்கும் அளவுக்கும் அதுவே சரியான வினை. மக்கள்தொகை குறையும், வரத்து குறையும், மதிப்பெண் குறையும். பொதுச்சொல் ஒன்று வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் அதுவே பதில்: வேண்டும், இருக்கிறது, அதன் இடத்தில் இருக்கட்டும். வெறித்தல், சுண்டுதல் போன்ற சொற்கள் இன்றைய பிள்ளைகளிடம் அருகி வருவதும் உண்மைதான். ஆங்கில வழிப் பள்ளிக்குப் போகும் என் சொந்தப் பேரப்பிள்ளைகளிடமே அதைப் பார்க்கிறேன். இதற்கு எல்லையும் மலையாளமும் காரணம் என்று சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன். பாடநூலிலும் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அவர்களுக்குக் கிடைக்கும் தமிழ், ஒற்றைச் சொல்லால் எல்லாக் குறைவையும் சொல்லும் தமிழாக இருக்கிறது. அந்தத் தமிழை எழுதுகிறவர்கள் எல்லையில் வாழவில்லை.

அகராதி செய்கிறவர்கள் சித்தூருக்கும் மறையூருக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் வந்து உட்கார வேண்டும். எந்தப் பெயரோடு எந்த வினை சேருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மழைக்காலம் இங்கே இருந்தால் ‘அபேட்’ என்ற பதிவுக்கு எதிரே எழுத ஒரு பக்கம் கிடைக்கும்.

தமிழில் வானிலை எச்சரிக்கை எழுதுகிறவர்களுக்கு இதைவிட அவசரமாக ஒரு வேண்டுகோள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுக்குள் போயின. 70 பேரை இழந்தோம். அது போன்ற மலைச் சரிவுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ‘மழை குறைந்தது’ என்று அவர்களுக்கு எழுதாதீர்கள். வேகம் தணிந்திருக்கிறதா, ஓய்ந்துவிட்டதா, வானம் வெறித்துவிட்டதா என்று பிரித்து எழுதுங்கள். மழை வெறித்த பிறகும் மலை மண்ணில் ஊறிய நீர் வடிந்திருக்காது. அதையும் தனி வாக்கியமாக, அதற்குரிய வினையோடு எழுதுங்கள்.